வீட்டு மெஷ் வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பிரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் பக்கத்து அடுக்ககங்களிலும், அல்சூர், முருகேஷ்பாளையா போன்ற பகுதிகளில் முப்பதுக்கு நாற்பது மனையில் மாடிமேல் மாடியாக எழுந்த தனிவீடுகளிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு ரூட்டர் போதாமல் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபைக்கு மாறியுள்ளன. மாறிய சில நாட்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸையும் தனித்தனிப் பெயரில் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அந்தக் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன.

அலைவரிசையைப் பிரிப்பது என்றால் என்ன?

இன்று விற்பனையாகும் வீட்டு ரூட்டர்கள் அநேகமாக அனைத்திலும், மெஷ் பெட்டிகளிலும், குறைந்தது இரண்டு ரேடியோக்கள் உள்ளன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இரண்டும் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் ஒலிபரப்பினால் கைபேசியின் பட்டியலில் ஒரே வைஃபைதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் கொடுத்து, எந்தக் கருவி எதில் சேரவேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதைத்தான் பிரித்தல் என்கிறோம். பிரிப்பதால் வீட்டில் இரண்டு இணைய இணைப்புகள் உருவாவதில்லை. இரண்டு பெயர்களும் அதே ஃபைபர் இணைப்பில்தான் போய் முடிகின்றன.

பட்டியலில் '5ஜி' என்று முடியும் பெயர் கைபேசி நிறுவனங்களின் 5ஜி சேவையா?

இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம் மட்டுமே. சிம் அட்டையில் வரும் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிரிக்கலாமா, வேண்டாமா? முடிவை முதலில் சொல்லிவிட முடியுமா?

சொல்லலாம். வீட்டில் உள்ள கருவிகளை நகர்பவை, நகராதவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கைபேசி, டேப்லெட், மடிக்கணினி போன்றவை அறைக்கு அறை, மாடிக்கு மாடி நகர்பவை. இவற்றுக்கு இரண்டு அலைவரிசைகளும் சேர்ந்த ஒரே பெயர்தான் ஏற்றது. ஸ்மார்ட் பிளக், கீசர் சுவிட்ச், வாசல் கேமரா, தண்ணீர் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவை சுவரில் திருகி மாட்டப்பட்டவை; இவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள கூடுதல் பெயர் ஒன்று போதும். அதாவது, இருக்கும் பெயரை இரண்டாக உடைப்பதைவிட, அதை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு நல்லது என்பது என் கருத்து. ஆப்பிள் நிறுவனமும் ரூட்டர் அமைப்புகள் பற்றிய தன் பரிந்துரையில், எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைக்கும்படியே கூறுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மேசையைவிட்டு நகராத அலுவலக மடிக்கணினி ஒன்று, மெஷ் பெட்டி மூன்றடி தூரத்தில் இருந்தும் பிடிவாதமாக 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டால், அதற்காக மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒன்றை உருவாக்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன், இன்டெல் வைஃபை அட்டை உள்ள விண்டோஸ் கணினி என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று, 'பிரிஃபர்டு பேண்ட்' என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அலுவலகம் பூட்டி வைத்திராத கணினியில் இதுவே போதுமானதாக இருக்கும்.

இரண்டு அலைவரிசைகளுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. தடையற்ற வெளியிலேயே, அதே தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஏறத்தாழ 7 டெசிபெல் வலுக்குறைந்து வந்து சேர்கிறது. நடுவே சுவர் வந்தால் இந்த இடைவெளி மேலும் கூடும். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த கற்சுவர்களுக்கும், மாடிகளுக்கு இடையே உள்ள கம்பி கட்டிய கான்கிரீட் தளத்துக்கும் முன்னால் 5 கிகாஹெர்ட்ஸ் தடுமாறும். புதிய அடுக்ககங்களின் மெல்லிய உள்சுவர்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அங்கே சுவர் முழுக்கப் பதித்த கண்ணாடியும் இரும்பு பீரோவுமே எதிரிகள்.

எட்டும் தூரத்தில் 2.4 வெல்கிறது என்றால், இடவசதியில் 5 வெல்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அறிவிக்கையின்படி மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அந்த 83.5 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் மேல்வீட்டு ரூட்டர், கீழ்வீட்டு ரூட்டர், எதிர்வீட்டு ரூட்டர், எல்லோருடைய புளூடூத் காதுக்கருவிகள், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் சிறு அளவு அலை அனைத்தும் நெரிசலில் நிற்கின்றன. கைபேசித் திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் காணொளி நின்று நின்று ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: சிக்னலுக்கு வலு இருக்கிறது, பேச நேரம் கிடைக்கவில்லை.

வேகத்தை எண்ணிக்கையில் பார்த்தால், இரண்டு ஆன்டெனா கொண்ட கைபேசி வைஃபை 4 என்ற பழைய தலைமுறை முறையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு ரூட்டர் பேசும் பகுதியே சேனல்), அதிகபட்சம் 144 எம்பிபிஎஸ் இணைப்பு வேகத்தைக் காட்டும். அதே இரண்டு ஆன்டெனாக்கள் அடுத்த தலைமுறையான வைஃபை 5 முறையில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில் 867 எம்பிபிஎஸ் வரை காட்டும். கைக்கு வந்து சேரும் உண்மை வேகம் இரண்டிலுமே இதைவிட வெகுவாகக் குறையும் என்றாலும், விகிதம் ஏறத்தாழ இதுவே.

ஒரே பெயர் இருக்கும்போது எந்த அலைவரிசையில் சேர்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

ரூட்டர் தீர்மானிக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கடைசி முடிவு கைபேசியின் கையில்தான் இருக்கிறது. ரூட்டரால் செய்யக்கூடியது தூண்டுவது மட்டுமே: 2.4 கிகாஹெர்ட்ஸில் வரும் அழைப்புக்குச் சற்றுத் தாமதமாக விடையளிக்கலாம், முதல் ஓரிரு முறை சேர்க்க மறுக்கலாம், அல்லது 802.11வி என்ற தரநெறியின் வழியே 'அந்தப் பெட்டிக்குப் போ, உனக்கு அங்கே நன்றாக இருக்கும்' என்று கோரிக்கை அனுப்பலாம். இந்தத் தூண்டலைத்தான் ரூட்டர் நிறுவனங்கள் பேண்ட் ஸ்டீயரிங், ஸ்மார்ட் கனெக்ட் என்ற பெயர்களில் விற்கின்றன.

கருவிகள் தத்தம் விதிப்படி நடக்கின்றன. ஐஃபோன், தான் இணைந்திருக்கும் சிக்னல் −70 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக வலு குறைவு) அளவுக்குக் கீழே இறங்கும் வரை வேறு பெட்டியைத் தேடத் தொடங்காது. மேக் கணினிக்கு அந்த எல்லை −75 டிபிஎம் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. ஆகவே, கூடத்தில் உள்ள பெட்டியில் இணைந்த ஐஃபோனை எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போனதும், அங்குள்ள பெட்டியை விட்டுவிட்டு அது கூடத்தையே பற்றிக்கொண்டிருந்தால், கூடத்துச் சிக்னல் இன்னும் போதிய வலுவோடு மாடிவரை வருகிறது என்பதே பெரும்பாலும் பொருள். இதற்குப் பெயரைப் பிரிப்பது மருந்தன்று. பெட்டிகளைச் சற்று விலக்கி வைப்பதும், செயலியில் வசதி இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸின் ஒலிபரப்பு வலுவை நடுத்தர அளவுக்குக் குறைப்பதுமே பலன் தரும்.

பெயரைப் பிரித்தால் மெஷ்ஷின் பயன் போய்விடுமா?

முழுவதும் போகாது, ஒரு பாதி போகும். '5' என்ற பெயர் மூன்று பெட்டிகளிலும் ஒலிபரப்பாகும்வரை, அந்தப் பெயருக்குள் கைபேசி பெட்டிவிட்டுப் பெட்டி மாறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாத இடத்துக்கு, உதாரணமாகப் படிக்கட்டுத் திருப்பத்துக்கோ பின்கட்டுக்கோ போகும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சத்தமில்லாமல் இறங்கும் வசதி இருக்காது. வேறு பெயர் என்பது கைபேசிக்கு வேறு வைஃபை; முதல் இணைப்பு செத்துப்போன பிறகுதான் அடுத்ததைத் தேடும். அந்தச் சில நொடிகளில் ஊரில் உள்ள அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் அழைப்பு திணறும் அல்லது அறுந்துவிடும். திரும்பிக் கூடத்துக்கு வந்த பிறகும் கைபேசி 2.4 பெயரிலேயே தங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. சிக்னல் நன்றாக இருக்கும்வரை வேறு பெயருக்கு மாற அதற்குக் காரணமே இல்லை.

ஸ்மார்ட் பிளக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியும் மெஷ்ஷில் இணைய மறுக்கின்றன. ஏன்?

இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்களில் பலரின் உண்மையான கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

விலை குறைந்த ஸ்மார்ட் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இஎஸ்பி8266 போன்ற, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்த சில்லு. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பொதுப்பெயர் இருப்பதாலேயே அது இணைய முடியாமல் போவதில்லை, பொதுப்பெயரின் 2.4 பாதியில் அது தாராளமாகச் சேரலாம். சிக்கல் அறிமுகப்படுத்தும் கட்டத்தில்தான் எழுகிறது. சில செயலிகள், வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கைபேசியிலிருந்து காற்றில் சங்கேதமாக வீசுகின்றன. கருவி அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் பேச, கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் காத்திருந்தால் எதுவும் காதில் விழாது. கருவியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்க, செயலியில் எண்ணிக்கை ஓடி முடிந்து 'இணைக்க முடியவில்லை' என்று வரும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. செயலியில் 'ஏபி முறை' என்ற தேர்வு இருந்தால் அதையே முதலில் முயலுங்கள். அந்த முறையில் கருவியே தற்காலிக வைஃபை ஒன்றை உருவாக்கும். கைபேசி அதில் நேரடியாகச் சேர்ந்து விவரங்களைக் கொடுப்பதால் அலைவரிசைக் குழப்பத்துக்கு இடமில்லை. புளூடூத் வழியே அறிமுகப்படுத்தும் கருவிகளுக்கும் இதே நன்மை உண்டு. இரண்டாவது வழி, மெஷ் செயலியில் 5 கிகாஹெர்ட்ஸைச் சில நிமிடங்கள் அணைத்துவைப்பது. மூன்றாவது, 2.4 மட்டும் கொண்ட தனிப்பெயர். ஒரே ஒரு பிளக்குக்காக மூன்றாவது வழிக்குப் போக வேண்டியதில்லை. நான்கைந்து கருவிகள் இருந்தால், இன்னும் வரவிருந்தால், அதுவே நிம்மதி. கருவி ஒருமுறை இணைந்துவிட்ட பிறகு உங்கள் கைபேசி எந்த அலைவரிசையில் இருந்தாலும் அதை இயக்கலாம்.

மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியின் கதை சற்று வேறு. பெங்களூர்த் தனிவீடுகளில் காவிரி நீர் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் விழுந்து, அங்கிருந்து மோட்டார் வழியே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுகிறது. இதைத் தானாக இயக்கும் வைஃபை கருவியை எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், சில சமயம் ஸ்டார்ட்டரின் தகரப் பெட்டிக்கு உள்ளேயே, பொருத்திவிட்டுப் போய்விடுகிறார். மூடி திறந்திருக்கும்போது இணைந்த கருவி, மூடியைச் சாத்தித் திருகியதும் தொடர்பை இழக்கும். அலைவரிசையை எத்தனை விதமாகப் பிரித்தாலும் இது சரியாகாது. கருவியைப் பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் உறையில் மாட்டச் சொல்லுங்கள். மின்சுற்றைத் தொடும் வேலை என்பதால் அதை எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருந்தால் பழைய கருவிகள் உள்ளே வரவே முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையிலும் சில கருவிகள் குழம்புகின்றன. இந்தக் கருவிகள் சேரும் பெயருக்கு டபிள்யூபிஏ2 போதும். வேகமாகப் பெட்டி மாறுவதற்கான 802.11ஆர் வசதியும் பழைய பிரிண்டர்களுக்கு ஒத்துவராமல் போவதுண்டு. தனிப்பெயரில் அதை அணைத்துவிடலாம், ஏனெனில் பிரிண்டர் எங்கும் நடந்து போகப்போவதில்லை.

தனிப்பெயரை எப்படி அமைப்பது? ஏற்கெனவே இணைந்துள்ள கருவிகளை மறுபடியும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, பெயர்களை மாற்றிக் கொடுப்பதில் சிறு தந்திரம் செய்தால் போதும். இப்போது வீட்டில் உள்ள பெயரும் கடவுச்சொல்லும் பிளக், கேமரா, சுவிட்ச் அனைத்துக்குள்ளும் பதிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அழித்து மீண்டும் அமைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். ஆகவே பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும், எழுத்தும் இடைவெளியும் மாறாமல், 2.4 மட்டும் உள்ள தனிப்பெயருக்குக் கொடுங்கள். கைபேசிகளும் கணினிகளும் சேரும் பொதுப்பெயருக்குப் புதிய பெயர் வையுங்கள். கைபேசியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டுவது ஒரு நிமிட வேலை. கூரையோரம் ஏணி வைத்து ஏறிக் கேமராவின் பொத்தானை அழுத்துவது அப்படியன்று.

முதலில் பொதுப்பெயரைப் புதியதாக மாற்றிவிட்டு, அதன் பிறகே பழைய பெயரில் தனிப்பெயரை உருவாக்குங்கள். ஒரே பெயரை இரண்டு இடங்களில் வைக்கப் பெரும்பாலான செயலிகள் அனுமதிப்பதில்லை. முடிந்ததும், எல்லாக் கைபேசிகளிலும் பழைய பெயரை 'மறந்துவிடு' என்று நீக்குங்கள். இதை விட்டுவிட்டால் சில கைபேசிகள் பழக்கத்தில் பழைய பெயருக்கே போய் 2.4 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 'மாற்றியதும் வேகம் குறைந்துவிட்டது' என்ற புகார் வீட்டுக்குள்ளேயே கிளம்பும்.

எங்கள் மெஷ் செயலியில் பிரிப்பதற்கான இடமே தென்படவில்லையே?

எல்லா மெஷ்ஷும் இதை அனுமதிப்பதில்லை. கூகுள் நெஸ்ட் வைஃபையில் இரண்டு அலைவரிசைகளுக்கும் வேறு பெயர் வைக்க வழியில்லை. ஈரோ என்ற மெஷ்ஷிலும் நிரந்தரமாகப் பிரிக்க முடியாது. பழைய கருவிகளை இணைப்பதற்காக 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி மட்டும் உண்டு. ஏசுஸ் ஏஐமெஷ்ஷில் ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்தால் பெயர்களைத் தனித்தனியே வைக்கலாம். டிபி-லிங்க் டெகோவில் விருந்தினர் வைஃபையையும், புதிய மென்பொருள் உள்ள மாடல்களில் ஸ்மார்ட் கருவிகளுக்கான ஐஓடி வைஃபையையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பச் சொல்லலாம். மேலே சொன்ன தனிப்பெயருக்கு அதுவே பொருத்தமான இடம். வாங்குவதற்கு முன்னரே ஸ்மார்ட் கருவிகள் நிறைய வைக்கும் எண்ணம் இருந்தால், இந்த ஒரு வசதியைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட, அந்த மாடலின் கையேட்டைத் திறந்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

பிரித்தால் வேகம் கூடுமா?

தவறான அலைவரிசையில் மாட்டிக்கொண்டிருந்த கருவிக்கு மட்டும் கூடும். மெஷ்ஷின் பொதுவான வேகத்தை நிர்ணயிப்பது வேறொன்று: பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு. இரண்டு ரேடியோ மட்டும் உள்ள மெஷ்ஷில், மாடியில் உள்ள துணைப் பெட்டி உங்கள் மடிக்கணினியிடமிருந்து 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கிய தரவை, அதே ரேடியோவில் அதே சேனலில் கீழே உள்ள முதன்மைப் பெட்டிக்கு மறுபடியும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரே காற்று இருமுறை செலவாவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்றாவது பெட்டி இரண்டாவதன் வழியே இணைந்திருந்தால் மேலும் குறைகிறது. நீங்கள் பெயரை எப்படிப் பிரித்தாலும் இந்த உள்இணைப்பு தன் போக்கில் நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு கம்பிதான். முப்பதுக்கு நாற்பது மனை வீடுகளில் கேபிள் டிவிக்காகச் சுவருக்குள் போட்ட குழாய் பெரும்பாலும் மாடிவரை செல்கிறது. அந்தப் பழைய கம்பியை உருவியெடுக்கும்போதே அதன் முனையில் கேட்6 என்ற வலையமைப்புக் கம்பியைக் கட்டி இழுத்துவிட்டால் துணைப் பெட்டிக்கு முழு கிகாபிட் இணைப்பு கிடைத்துவிடும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி இழுக்க வழியே இல்லாதபோதுதான், உள்இணைப்புக்கென்று தனி ரேடியோ ஒதுக்கும் மூன்று ரேடியோ மெஷ்ஷுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பொருளுள்ளது.

அப்படியானால் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒவ்வொரு பெயரும், யாரும் பயன்படுத்தாவிட்டாலும், 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு மிகப் பழைய கருவிக்கும் புரியவேண்டும் என்பதற்காக 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரூட்டர்கள் அதை 1 எம்பிபிஎஸ் என்ற மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகின்றன. அறிவிப்பு 300 பைட் என்று கொண்டால், அதை அனுப்பி முடிக்க ஏறத்தாழ 2.5 மில்லிநொடி ஆகிறது; அதாவது ஒரு பெயருக்கு மொத்த நேரத்தில் சுமார் 2.5 விழுக்காடு. வீட்டுக்கொன்று, விருந்தினருக்கொன்று, கருவிகளுக்கொன்று, பிள்ளைகளுக்கொன்று என நான்கு பெயர்களை, ஒரே சேனலில் உள்ள மூன்று பெட்டிகளிலும் ஒலிபரப்பினால், யாரும் ஒரு படம்கூடப் பார்க்காத வேளையிலும் காற்றில் முப்பது விழுக்காடு வெறும் அறிவிப்பிலேயே போய்விடும். அண்டைவீட்டார் அறிவிப்புகள் இதற்கு மேல். இரண்டு பெயர்கள் போதும். விருந்தினர் அடிக்கடி வரும் வீடென்றால் மூன்று.

சேனலையும் அகலத்தையும் எப்படி வைப்பது?

2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்று. 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வேகம் இரட்டிக்கும் என்று பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும். இருபது வைஃபை பெயர்கள் தெரியும் அடுக்ககத்தில் அது நமக்கும் பயனில்லை, பக்கத்து வீட்டுக்கும் கேடு. சேனல் 3, 4 என்று இடையில் வைத்தால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அப்போது 1, 6 இரண்டிலிருந்தும் இரைச்சல் வாங்குவீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வீட்டுக்குப் பொருந்தும். சேனல் 36 முதல் 48 வரையிலோ 149 முதலோ இருந்தால் சிக்கல் குறைவு. 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் காலியாகத் தெரிந்தாலும், அந்த அலைவெண்களை ராடார்களும் பயன்படுத்துவதால், ரூட்டர் முதலில் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். நடுவே ராடார் போன்ற சிக்னல் ஏதேனும் கேட்டால் உடனே சேனலைவிட்டு விலகும். அலுவலகக் கூட்டத்தின் நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் காரணமின்றிக் காணாமல்போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பிரித்த பிறகு கைபேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லை, பிரிண்டரும் தெரியவில்லை. என்ன செய்வது?

இது அலைவரிசையால் வந்த கோளாறன்று. 5 கிகாஹெர்ட்ஸில் உள்ள கைபேசியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் உள்ள டிவியும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருக்கும்வரை ஒன்றையொன்று காணும். தனிப்பெயரை விருந்தினர் வைஃபையாக உருவாக்கியிருந்தால், அதில் சேர்ந்த கருவிகளை வீட்டின் மற்றக் கருவிகளிடமிருந்து தனிமைப்படுத்துவது அதன் இயல்பு. பிளக், சுவிட்ச் போன்றவை வெளியே உள்ள தம் நிறுவனத்தின் சர்வர் வழியே பேசுவதால் அந்தத் தனிமை அவற்றைப் பாதிப்பதில்லை, பாதுகாப்புக்கு நல்லதும்கூட. டிவியையும் பிரிண்டரையும் மட்டும் பொதுப்பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியிலும் வைஃபை ஒலிபரப்பாகிறது. அதை என்ன செய்வது?

அணைத்துவிடுங்கள். மெஷ்ஷின் முதன்மைப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இன்னொரு ரேடியோ அதே காற்றில் கத்திக்கொண்டிருப்பதில் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற நிறுவனம் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளுங்கள்; சம்மதிக்காவிட்டால் மெஷ்ஷை, ரூட்டர் வேலை பார்க்காமல் வைஃபையை மட்டும் ஒலிபரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் இயக்குவது, இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று அலுவலக விபிஎன்னையும் விளையாட்டையும் குழப்புவதைத் தவிர்க்கும். ஆனால் சில மெஷ்களில் அந்த முறைக்குப் போனதும் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் மறைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், இடம்தான் குறைவு. வைஃபைப் பெயருக்கு 32 பைட் எல்லை உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் கொம்பும் காலும் உட்பட, மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். 'அம்மா வீடு' 28 பைட்டில் அடங்கிவிடும். 'முருகன் இல்லம்' 40 பைட் ஆவதால் அடங்காது. கைபேசிகள் தமிழ்ப் பெயரை நன்றாகவே காட்டுகின்றன. ஆனால் சில ஸ்மார்ட் கருவிகளும் பழைய பிரிண்டர்களும் தடுமாறும் என்பதால், தமிழ்ப் பெயரைப் பொதுப்பெயருக்கு வைத்துக்கொண்டு, கருவிகளுக்கான தனிப்பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வைப்பது நல்லது.

6 கிகாஹெர்ட்ஸும் வைஃபை 7-உம் வந்தால் இந்தக் கேள்வியே இல்லாமல் போய்விடுமா?

பாதி போய்விடும். வைஃபை 7-இல் ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் இணைந்திருக்கும் வசதி உள்ளது. பெயரைப் பிரித்துவைத்தால் அந்த வசதியை நாமே தடுத்துவிடுகிறோம். கைபேசி, கணினி ஆகியவற்றுக்கு ஒரே பெயர் என்ற வாதம் இதனால் மேலும் வலுப்பெறுகிறது. ஆனால் இன்று வாங்கும் பத்தாண்டு உழைக்கும் கீசர் சுவிட்ச் அப்போதும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கும். அதற்கான தனிப்பெயரும் இருந்தே தீரும். மூன்றாவது அலைவரிசையான 6 கிகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை, அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது. இந்தியாவில் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்டது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கிவரும் மெஷ் அந்நாட்டு அலைவெண்களுக்கும் வலு வரம்புகளுக்கும் ஏற்ப அமைந்தது என்பதால், இந்தியாவில் விற்கப்படும் மாடலையே வாங்குங்கள்.

மின்தடை வந்துபோன பிறகு மெஷ் மந்தமாகிறது. இதற்கும் அலைவரிசைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மின்சாரம் போய் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் எழும்போது, கட்டடத்தில் உள்ள எல்லா ரூட்டர்களும் ஒரே நொடியில் அணைந்து ஒரே நொடியில் எழுகின்றன. 'தானாகத் தேர்ந்தெடு' என்று வைத்த ஒவ்வொரு ரூட்டரும் எழுந்ததும் காற்றில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. மற்றவை இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பதால் எல்லாச் சேனலும் காலியாகத் தெரிகிறது. பல ரூட்டர்கள் ஒரே சேனலில் போய் விழுகின்றன. உங்கள் வீட்டுக்குள்ளேயும் மாடிப் பெட்டி முதன்மைப் பெட்டிக்கு முன்னால் எழுந்து, கிடைத்த வலுக்குறைந்த இணைப்பைப் பற்றிக்கொள்வதுண்டு.

செயலி அனுமதித்தால் சேனலை நிலையாக வைத்துவிடுங்கள். முதன்மைப் பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை மாட்டினால் அவை அணையவே மாட்டா. வாங்கும்போது இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளை யுபிஎஸ்ஸின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் சில மெஷ் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. யுபிஎஸ் இல்லாதவர்கள், மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்துத் துணைப் பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்துப் போடுங்கள்.